நீலாம்பாறையில் விருந்து ஓட்டு

தண்ணீர்ச் சங்கத் தலைவர் சேனாதிபதியின் தோட்டத்துக்குப் போகும் கறுப்பு ஹோஸை மகாராணி அரிவாளால் வெட்டியது பட்டப்பகலில். பூம்பாறையிலிருந்து வரும் பஸ் வந்து நிற்கும்வரை அவள் காத்திருந்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் வெட்டியிருந்தால் காட்டுமாடு மிதித்துவிட்டது என்று ஊர் சொல்லிவிட்டுப் போயிருக்கும். காட்டுமாட்டுக்கு அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்க்க, ஹோஸை இரண்டு துண்டாக்கி, தண்ணீர் வந்த துண்டைத் தன் பூண்டு வயல் பக்கம் திருப்பிவிட்டாள்.

"யாராச்சும் கேட்டா மகாராணின்னு சொல்லுங்க" என்றாள் கண்டக்டரிடம். அவர் கேட்காமலேயே மன்னவனூர் வரைக்கும் எல்லா ஸ்டாப்பிலும் சொல்லிக்கொண்டு போனார்.

நீலாம்பாறை சரிவில் தொங்கும் ஊர். உச்சியில் ஊற்று. ஊற்றுக்குக் கீழே சிமெண்ட் தொட்டி, தொட்டியில் வால்வு. அதற்கு அடுத்து மேலத்தெரு. தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊர்க்காரர்கள். நடுவில் சர்ச் தெரு. அவர்களை மற்றவர்கள் வேதக்காரர்கள் என்பார்கள். பள்ளத்தில் லயத்தெரு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டு, மரப்பட்டை உரிக்கவும் குழி வெட்டவும் இந்த மலைக்கு வந்து, பிறகு கைப்பிடி நிலம் வாங்கிப் பூண்டு போட்ட குடும்பங்கள். தண்ணீருக்குச் சாதி மதம் தெரியாது என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒரு தடவை இங்கே வந்து பார்க்கலாம். தண்ணீருக்கு மேடு பள்ளம் மட்டும்தான் தெரியும். மேட்டில் யார், பள்ளத்தில் யார் என்பதை மனிதர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதால், தண்ணீர் தனியாக வேறெதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மகாராணி கப்பலேறி வந்தபோது பத்து வயது. அங்கே இருந்தவரை அவள் குடும்பத்துக்கு இந்தியாக்காரர்கள் என்று பெயர். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள். தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கும்வரை கடலில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் அவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுடைய அப்பா அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, தலை நரைக்கும்வரை ஒரு ஓட்டுகூடப் போட்டதில்லை. நாடு சுதந்திரம் வாங்கிய சூட்டோடு சூடாகத் தோட்டத்து ஜனங்களின் குடியுரிமையைச் சட்டம் பறித்துக்கொள்ள, ஓட்டும் அதோடு போயிற்று. ஓட்டு இல்லாதவனைப் பார்த்து எந்த மந்திரியும் சிரிக்கமாட்டான் என்பது அவர் கண்ட உண்மை. இந்தியாவுக்கு வந்து முதல் தடவை விரலில் மை வைத்துக்கொண்டவர், இனி எல்லாம் தானாக வந்து சேரும் என்று நம்பினார். ஓட்டு இருப்பது ஒன்று, அதை எண்ணுகிற விதம் இன்னொன்று என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மகளுக்கும் யாரும் சொல்லவில்லை. அவள் பட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஊற்றுத் தண்ணீர் சங்கத்துக்கு ஐந்து பேர் கொண்ட குழு. எந்தக் கிழமை எந்தத் தெருவுக்கு வால்வைத் திறப்பது என்று சொல்வது அந்தக் குழு. பழைய விதி ரொம்ப எளிமை. மேலத்தெரு மண்டபத்தில் எல்லாரும் கூடுவார்கள், பெயர்களை வாசிப்பார்கள், கையைத் தூக்கச் சொல்வார்கள். ஊரில் பாதிக்குச் சற்று மேலே மேலத்தெரு. ஆகவே ஐந்துக்கு ஐந்தும் மேலத்தெரு, தலைவர் எப்போதும் சேனாதிபதி. டீ ஆறுவதற்குள் ஜனநாயகம் முடிந்துவிடும். லயத்தெருக்காரர்கள் கையைத் தூக்குவதை யாரும் தடுத்ததில்லை. மரியாதையாக எண்ணவும் எண்ணினார்கள். எண்ணி முடிந்ததும் அவர்கள் கையை இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தண்ணீர் மேட்டில் நின்றது. கோடையில் பள்ளத்துக்கு வந்து சேர்ந்ததைத் தண்ணீர் என்று சொல்வதைவிட ஈரம் என்று சொல்வதே பொருத்தம்.

அந்த விதிக்கு மகாராணி கொடுத்த பதில்தான் அரிவாள்.

பதிலுக்கு லயத்தெருவின் ஹோஸ்கள் வெட்டப்பட்டன. சர்ச் தெரு ஹோஸ்களும் சேர்ந்து வெட்டுப்பட்டன. அவற்றை யார் வெட்டியது என்று இன்றுவரை இரண்டு தெருவும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. சமாதானம் பேசக் கீழேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு, புது விதி ஒன்று எழுதிக்கொடுத்தார். மேலத்தெருவுக்கு இரண்டு இடம், லயத்தெருவுக்கு இரண்டு, சர்ச் தெருவுக்கு ஒன்று. அந்தந்தத் தெரு தன் ஆளைத் தானே தேர்ந்தெடுக்கும். மூன்று தெருவும் சம்மதித்தால்தான் எந்தத் தீர்மானமும் செல்லும்.

லயத்தெருவில் அன்றைக்கு வெடி போட்டார்கள். மகாராணி போட்டியின்றித் தேர்வானாள். அவளுடைய தகுதி என்னவென்று யாரும் கேட்கவில்லை; தகுதி இரண்டு துண்டாகச் சாலையோரம் கிடந்தது. மேலத்தெருவோ, சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்ட சேனாதிபதியை வழவழா ஆள் என்று ஒதுக்கிவிட்டு, அவருடைய தம்பி மகன் பழனிமுத்துவை அனுப்பியது. "ஒரு சொட்டு கீழ எறங்காது" என்று கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவன் அவன். சர்ச் தெரு, இருப்பதிலேயே நீளமாகப் பேசக்கூடிய அருள்தாஸை அனுப்பியது. தன் தெருவுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டிய ஒருவன் அடுத்த தெருவோடு சண்டை பிடிக்கப் பிடிக்கத்தான் பெரிய மனிதனாவான் என்பதை அந்த நல்ல அதிகாரி யோசித்திருக்கவில்லை.

அந்தத் தையில் தொட்டியில் விரிசல் விட்டது. கொத்தனார் வேண்டும். மூன்று தெருவிலும் கொத்தனார் உண்டு.

"மேலத்தெருக் கொத்தனார் பூசுனா மேலத்தெருப் பக்கமாத்தான் வாட்டம் வப்பான்" என்றாள் மகாராணி.

"லயத்துக் கொத்தனாரா? அவனுக்குத் தேயிலைக்குக் குழி வெட்டத்தான் தெரியும். தொட்டியில குழி வெட்டிட்டுப் போயிருவான்" என்றான் பழனிமுத்து.

"எம் மச்சினன் கோயில் மணிக்கூண்டே கட்டியிருக்கான்" என்றார் அருள்தாஸ்.

"மணிக்கூண்டுல தண்ணி நிக்கிதா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்தக் குழு ஒருமனதாகச் செய்த ஒரே காரியம் அது.

விரிசல் அகலமானது. தொட்டித் தண்ணீர் பின்பக்கமாகக் கசிந்து காட்டுக்குள் ஓடியது. காட்டுமாடுகள் எந்தத் தெருவுக்கும் கட்டுப்படாமல் வந்து, எந்தத் தீர்மானமும் இல்லாமல் குடித்துவிட்டுப் போயின. அந்தக் கோடையில் மூன்று தெருவிலும் பயிர் காய்ந்தது. சமத்துவம் அப்படித்தான் நீலாம்பாறைக்கு வந்தது. மகாராணி பிடுங்கிய பூண்டு சட்டைப் பொத்தான் அளவு இருந்தது. முடியாது என்று சொல்லும் அதிகாரத்தைக் கோடை முழுக்கப் பாய்ச்சிப் பார்த்துவிட்டாள். பூண்டு பருக்கவில்லை.

அவளுடைய சித்தி மகள் ஜெயா இன்னும் ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறாள். அங்கேயே தங்கிவிட்டவர்களுக்குப் பின்னாளில் குடியுரிமை கிடைத்தது. மாதம் ஒரு தடவை போனில் பேசுவார்கள். பூண்டைச் சொல்லி மகாராணி அங்கலாய்க்க, ஜெயா அங்கத்து நாட்டு நடப்பைச் சொன்னாள்.

"எங்கட பக்கம் ஜனாதிபதி எலெக்‌ஷன்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போடலாம் அக்கா. சிங்களத்துல மனாப்பேன்னு சொல்றது, விருப்பு வாக்கு. போன முறை மொத எண்ணிக்கையில ஒருத்தருக்கும் பாதிக்கு மேல வரல. ரெண்டாவது மனாப்பே எண்ணித்தான் சொன்னாங்க."

"அப்ப ரெண்டாவது ஓட்டு யாருக்கு வேணாலும் போடலாமா? வேற ஆளுங்களுக்கு?"

"போடலாம். ஆனா பார்லிமெண்ட் எலெக்‌ஷன் வேற மாதிரி. அங்க ஒரே கட்சிக்குள்ளயே மனாப்பேக்கு வெட்டு குத்து. போஸ்டர் மேல போஸ்டர் ஒட்டி, அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்த இல்ல" என்று சொல்லிவிட்டு ஜெயா சிரித்தாள். "எங்கட தாத்தாமாருக்கு ஒரு வோட்டும் இல்ல. ஒனக்கு ரெண்டு கேக்குதா?"

மகாராணிக்கு முதல் பாதிதான் காதில் ஏறியது. இரண்டாவது பாதியைக் காதில் வாங்காத குணத்தால்தான் உலகத்தில் பல அரசியல் சட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. போனை வைத்ததும் அவளுக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. எவனும் தன் தெரு ஓட்டை மட்டும் வைத்து ஜெயிக்கக் கூடாது. அடுத்த தெரு வாசலில் போய் நின்று கேட்டால்தான் நாற்காலி. அப்படி ஒரு விதி வந்தால், தொட்டிக்குப் பூச எவன் கொத்தனாராக இருந்தால் என்ன என்று பழனிமுத்துவே கேட்பான்.

கணவர் சுந்தரராஜிடம் சொன்னாள். அவர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டார்.

"கையில ரெண்டு சீட்டு நிரந்தரமா கெடக்கு. அத விட்டுட்டு மேலத்தெருக்காரன்கிட்ட போய்ப் பிச்சை எடுக்கணுமாக்கும்?"

"ரெண்டு சீட்டு இருந்துச்சு. தண்ணி இருந்துச்சா?"

"மானம் இருந்துச்சுல்ல."

"சரி, அதப் பூண்டுக்குப் பாய்ச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மேலே ஏறினாள்.

மேலத்தெரு ஏன் சம்மதிக்க வேண்டும்? எண்ணிக்கை அவர்கள் பக்கம். ஆனால் சேனாதிபதி இருந்தார். பதவி போன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தத் தெருவில் தம்பி மகன் நெருப்பு மாதிரி இருக்கும்வரை தனக்கு வழியில்லை என்பதும், அடுத்த தெரு ஓட்டும் சேர்ந்தால் வழி உண்டு என்பதும் மகாராணி பேசி முடிக்குமுன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல சட்டங்கள் நல்லவர்களால் வருவதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீலாம்பாறையில் அது பதவி இழந்தவரால் வந்தது.

ஒத்திகை பார்த்தார்கள். ஆளுக்கொரு சீட்டு, பிடித்தவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று போட வேண்டும். மகாராணி இரண்டு நாள் வீடு வீடாகப் போய் விளக்கினாள். எண்ண உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எல்லாச் சீட்டிலும் எல்லாப் பெயருக்கும் நேராக ஒன்று, ஒன்று, ஒன்று.

தப்பு ஜனங்கள்மேல் இல்லை. திருவிழாவில் உடைத்த தேங்காய் மூடியை இரண்டாவதாக வாங்க நேர்ந்ததற்காகப் பத்து வருஷம் முகம் பார்க்காத பங்காளிகள் உள்ள ஊர் அது. முதல் மரியாதை என்ற ஒன்றுதான் அங்கே மரியாதை, மற்றதெல்லாம் அவமானம். ஒருவன் பெயருக்கு நேரே 2 என்று எழுதி, அது வெளியே தெரிந்தால் அப்புறம் அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு போவது? எதற்கு வம்பென்று எல்லாருக்கும் ஒன்று போட்டுவிட்டார்கள். போதாததற்கு, அருள்தாஸின் சொந்த அண்ணன் மட்டும் விவரமாக அவருக்கு மூன்று போட்டிருந்தது கையெழுத்தில் தெரிந்துபோய், சர்ச் தெருவில் ஒரு குடும்பம் இரண்டானது.

மகாராணி விடவில்லை. எண்ணே வேண்டாம் என்றாள். ஆளுக்கு இரண்டு சீட்டு. வெள்ளைச் சீட்டு சொந்தத் தெருவுக்கு. மஞ்சள் சீட்டு அடுத்த தெருவுக்கு. அதில் தன் தெரு ஆட்கள் பெயரே இருக்காது. மஞ்சள் குறைந்தது இருபது வாங்காதவர் வெள்ளை எத்தனை வாங்கினாலும் குழுவில் உட்கார முடியாது. எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மஞ்சளுக்கு மரியாதையாக ஒரு பெயர் வைத்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. சம்பந்தியைவிட மரியாதை யாருக்கு?

"வெள்ளை வந்து வீட்டு ஓட்டு. மஞ்சள் வந்து சம்பந்தி ஓட்டு" என்றாள் நடுமண்டபத்தில் நின்று.

ஒரு நொடி ஊசி விழுந்தால் கேட்கும். பிறகு நாற்காலி விழுந்தது கேட்டது.

"எவன் வீட்டுக்கு எவன் சம்பந்தி?" என்று பழனிமுத்து பாய்ந்தான். "தண்ணி கேப்பீங்கன்னு பாத்தா பொண்ணு கேக்குறீங்களா?"

"ஒங்க வீட்டுல பொண்ணு எடுக்க நாங்க என்ன தவமா கெடக்கோம்?" என்று சுந்தரராஜ் எழுந்தார். மனைவியின் விதியை எதிர்த்துக்கொண்டிருந்தவர் அந்தக் கணத்தில் அவள் கட்சியில் சேர்ந்தார்.

"ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி மூணு ஞாயிறு சர்ச்சுல கல்யாண ஓலை வாசிக்கணுமா?" என்று அருள்தாஸ் கேட்டது நகைச்சுவைக்காகத்தான். அதைச் சிரித்து அனுபவிக்கும் மனநிலையில் யாரும் இல்லை. செருப்பு ஒன்று பறந்தது. அது யாருடையது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

இந்த அமளிக்கு நடுவில் சேனாதிபதியின் மனைவி காளியாயி பெரிய தூக்கில் டீயோடு உள்ளே வந்தாள். சண்டை என்றாலும் கூட்டம் மேலத்தெரு மண்டபத்தில். டீ மேலத்தெருப் பொறுப்பு. கத்திக்கொண்டிருந்த லயத்தெருக்காரர்கள் கையில் முதல் டம்ளர்களைத் திணித்தாள். அடுத்து சர்ச் தெரு. கடைசியாகத்தான் தன் தெரு. சேனாதிபதிக்கு வந்தபோது தூக்கில் வண்டல்தான் இருந்தது. அவர் அதை வாங்கிக் குடித்தார். பழனிமுத்துவுக்கு அதுவும் இல்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. தன் மண்டபத்தில் வந்தவனுக்கு முதலில் கொடுப்பதில் கோபிக்க என்ன இருக்கிறது?

மகாராணி டம்ளரைக் கையில் பிடித்தபடி டீ போன வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டீ ஆறிப்போனது.

"சம்பந்தி வேணாம்" என்றாள் சத்தமாக. "விருந்து ஓட்டு. வீட்டு ஓட்டு ஒண்ணு, விருந்து ஓட்டு ஒண்ணு."

விருந்தாளியாக இருப்பதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. விருந்து போடுவதிலும் இல்லை. பழனிமுத்து எதிர்ப்பதற்கு ஏதாவது அகப்படுமா என்று யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் சேனாதிபதி தீர்மானம் வாசித்து, மேலத்தெருவும் சேர்ந்து கையைத் தூக்கிவிட்டது.

தேர்தல் அறிவித்தார்கள். மகாராணி நின்றாள். அப்போதுதான் ஒரு விஷயம் அவளுக்கு உறைத்தது: அவளுக்கு எவன் விருந்து ஓட்டுப் போடுவான்? லயத்தெரு முழுக்க அவள் பக்கம். மற்ற இரண்டு தெருவில் அவள் பெயரைச் சொன்னால் ஹோஸை எடுத்து உள்ளே வைத்தார்கள். பூட்டைத் தானே செய்து, தானே மாட்டிக்கொண்டு, சாவி காளியாயி வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்த மாதிரி ஆயிற்று. ஒதுங்கிவிடலாம். சுந்தரராஜ் அதைத்தான் சொன்னார். ஆனால் குழுவில் லயத்தெருவின் குரல் இல்லாவிட்டால் பள்ளத்துக்கு முறை எழுதப்படாது. முறை எழுதாவிட்டால் இந்த வருஷமும் பொத்தான்தான். அவள் தலையைச் சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு மேலே ஏறினாள்.

காளியாயி கேரட் தழையைத் திருகிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா மகாராணி. அரிவாள வீட்டுலயே வச்சிட்டு வந்தியா?"

"ஓட்டுக் கேக்க வந்தேங்க்கா."

"ஹோஸ வெட்டுனப்ப எங்கிட்ட ஒண்ணும் கேக்கலயே."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

காளியாயிக்குச் சிரிப்பு வந்தது. தழையோடு சேர்த்து அதையும் திருகிப் போட்டாள். "ஒரு மன்னிப்புக் கேளு. ஓட்டப் போடுறேன்."

"அது என்கிட்ட இல்லக்கா. வேற ஏதாச்சும் கேளுங்க."

காளியாயி கையை நிறுத்தினாள். இப்படி ஒரு ஓட்டுக் கேட்கும் முறையை அவள் பார்த்ததில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் இல்லாததையெல்லாம் தருவதாகச் சொல்வார்கள். இருப்பதையே தரமாட்டேன் என்று ஒருத்தி சொல்கிறாளே.

"புதன்கெழம வெள்ளனே லாரி வரும்" என்றாள் மெதுவாக. "அதுக்குள்ள கேரட்டக் கழுவி மூட்டை பிடிக்கணும். அந்நேரம் வால்வு மூடிக் கெடக்கும். சகதிக் குட்டையில கழுவுனா யேவாரி மூஞ்சியத் திருப்புறான். இத்தன வருசமா சொல்றேன், ஒரு பயலும் காதுல வாங்கல."

"ஒங்க வீட்டுக்காரருதான தலைவரா இருந்தாரு?"

"அவரா கழுவுறாரு?"

மேலத்தெருவிலிருந்து குழுவுக்குப் போனது முழுக்க ஆண்கள். கேரட் கழுவுவது முழுக்கப் பெண்கள். மேலத்தெருவுக்குள்ளேயே ஒரு பள்ளம் இருப்பது மகாராணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"புதன் வெள்ளனே கழுவத் தண்ணி. நான் பேசுறேன்" என்றாள். "வெள்ளிக்கெழம முழுசும் பள்ளத்துக்கு. நீங்க பேசணும்."

"பேசுறதா? பொம்பளைங்க அத்தன பேரும் மஞ்சச் சீட்டக் கையில வச்சிருக்கோம்ல" என்றாள் காளியாயி.

சர்ச் தெருவில் வேறு விதமான குறை. அவர்களுக்குத் தண்ணீர் முறை ஞாயிற்றுக்கிழமை காலை.

"பூசையில ஒக்காந்திருக்கும்போது தண்ணி வருது. சாமியார் பிரசங்கத்த முடிக்கிறதுக்குள்ள தண்ணி முடிஞ்சிருது. பரலோகம் வேணுமா, பட்டாணி வேணுமான்னு கேக்குற மாதிரி இருக்கு" என்றார் அருள்தாஸ், அதற்கு முன்னால் அரை மணி நேரம் வேறு விஷயங்கள் பேசிவிட்டு.

"திங்கக்கெழமைக்கு மாத்திருவோம்ணே. தொட்டிக்கு ஒங்க மச்சினனே பூசட்டும்."

அருள்தாஸ் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மச்சினனைக் கூப்பிட எழுந்து போனார்.

ஓட்டு எண்ணியபோது பழனிமுத்துவுக்கு வெள்ளைச் சீட்டு குவிந்தது. ஊரிலேயே அவனுக்குத்தான் அதிகம். மஞ்சள் ஏழு. குழுவில் இடமில்லை. மகாராணிக்கு மஞ்சள் இருபதைத் தொட்டு, இரண்டு தாண்டி நின்றது. சேனாதிபதிக்கும் அருள்தாஸுக்கும் தாராளமாகவே கிடைத்தது.

"ஊருலயே கூட ஓட்டு வாங்குனவன் தோத்தவன்னா இது என்னங்கடா எலெக்‌ஷன்?" என்று பழனிமுத்து கேட்டான். நியாயமான கேள்வி. பெரிய பெரிய நாடுகளில் பெரிய பெரிய படிப்பாளிகள் இந்தக் கேள்வியைக் கட்டி உருண்டுகொண்டிருக்கிறார்கள். மண்டபத்தில் இருந்தவர்கள் தங்கள் செருப்பைத் தேடினார்கள்.

அருள்தாஸின் மச்சினன் தொட்டியைப் பூசினான். மணிக்கூண்டு கட்டினவன் என்றாலும் தண்ணீர் நின்றது. ஆனால் மாசி பிறந்ததும் ஊற்று சுண்டிவிட்டது. பள்ளத்தில் பூண்டு பல் பிடிக்கிற நேரம். தாள் நுனி மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்தது. புதன்கிழமை விடிந்தும் விடியாததுமாக லயத்தெருவில் பாதிப் பேர் தொட்டிக்கு ஏறி வந்துவிட்டார்கள். மேலத்தெருப் பெண்கள் கேரட் கூடைகளோடு அங்கே நின்றிருந்தார்கள். பழனிமுத்து திட்டில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். மகாராணி சொன்ன சொல்லை மீறுவதைப் படம் பிடித்துவிட்டால் இந்த மஞ்சள் சமாச்சாரம் இன்றோடு ஒழிந்தது.

"வால்வத் தொறக்காத மகாராணி" என்றார் சுந்தரராஜ். "தொட்டியில இருக்குறதே இடுப்பளவு. நமக்கு வெள்ளி வரைக்கும் தாங்குமா?"

"அவங்களுக்குச் சொல்லியிருக்கேங்க."

"யாரு ஓட்டுல நின்ன? நம்ம ஓட்டுலதான?"

"நம்ம ஓட்டுல நின்னேன். அவங்க ஓட்டுல ஜெயிச்சேன்."

"அடுத்த தடவ ஒரு வெள்ளச் சீட்டு ஒனக்கு விழாது, சொல்லிட்டேன்" என்று பின்னாலிருந்து பிச்சையம்மாள் கத்தினாள். பிச்சையம்மாள் பக்கத்து வீட்டுக்காரி; ஹோஸை வெட்டிய அன்று மகாராணிக்கு ஆரத்தி எடுத்தவள்.

வால்வு திறக்கும் மயில்சாமி யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார். மகாராணி அவர் கையிலிருந்த திருகுசாவியை வாங்கித் தானே திறந்தாள். கேரட் கழுவிய சேற்றுத் தண்ணீர் சிவப்பாக ஓடையில் இறங்கிப் போவதை லயத்தெரு பார்த்துக்கொண்டு நின்றது. கழுவி முடிந்த நொடியில் அவளே மூடினாள். லயத்தெரு அவளை விட்டுவிட்டு இறங்கிப் போனது. சுந்தரராஜ் முன்னால் வேகமாக நடந்தார். வீட்டில் இரண்டு நாள் அவள் தட்டில் அவளே போட்டுத் தின்றாள்.

வெள்ளிக்கிழமை. மகாராணி வெள்ளனே ஏறிப் போனபோது பழனிமுத்து வால்வின்மேல் உட்கார்ந்திருந்தான். மயில்சாமி எதிரே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"தண்ணி கம்மி. ஊருக்குக் குடிக்க வேணும். பூண்டுக்கெல்லாம் கெடையாது" என்றான்.

"எந்திரி தம்பி. இன்னைக்கு எங்க முறை."

"எந்திரிக்கலன்னா? அரிவாள எடுப்பியா? எடு. போன்ல சார்ஜ் இருக்கு, படம் பிடிச்சுக்கிறேன்."

அரிவாள் அவள் இடுப்பில்தான் இருந்தது. களை எடுக்கக் கொண்டு வந்தது. அதன்மேல் கை போனதும் நிஜம். எடுத்தால் நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மஞ்சள் சீட்டு என்று ஒன்று நீலாம்பாறையில் இருக்காது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "நீ எந்திரிக்கிற வரைக்கும் நிப்பேன்" என்றாள். நின்றாள். பனி விலகி, வெயில் ஏறி, தொட்டித் திட்டு சூடானது. அவன் உட்கார்ந்திருந்தான். அவள் நின்றாள்.

காளியாயி வந்தது தனியாக இல்லை. கூடவே நாலைந்து பெண்கள், கழுவிக் காய்ந்த வெறுங்கூடைகளோடு.

"ஏலே பழனிமுத்து, ஒனக்கு வேற சோலி இல்லையா? எந்திரிடா."

"பெரியம்மா, நீங்க யாரு பக்கம்?"

"நான் புதன்கெழம பக்கம். இன்னைக்கு நீ இவளுக்கு மூடுனா, வர்ற புதன் இவ எனக்கு மூடுவா. சகதியில ஒங்கப்பனா வந்து கேரட்டு கழுவுவான்?"

"நம்ம தெரு மானம்..."

"மூட்டைய லாரிக்காரன் தூக்கிப் பாக்குறப்ப மானத்தையா பாக்குறான்? எந்திரின்னா எந்திரி. வெரசா!"

அவன் எழுந்தான். போனைக் காதில் வைத்து, வராத அழைப்பு ஒன்றுக்கு ஹலோ சொல்லியபடி மறுபக்கம் இறங்கிப் போனான். காளியாயி மகாராணிக்கு வால்வைச் சுட்டிக் காட்டிவிட்டுக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

மயில்சாமி திருகினார். மகாராணி அதுவரைதான் பார்த்தாள். ஒற்றையடிப் பாதையில் ஓட்டமாக இறங்கினாள். சர்ச் தெருவில் ஒருவர் ஏதோ கேட்டது காதில் விழவில்லை. வயலுக்கு வந்தபோது ஹோஸ் வாய் மண்ணில் கிடந்து காற்றாக இருமிக்கொண்டிருந்தது. தூக்கிப் பிடித்தாள். ஒரு உதறல், பிறகு துருவும் மண்ணுமாகக் கொஞ்சம், பிறகு தண்ணீர், ஐஸ் மாதிரி.

சுந்தரராஜ் மேட்டுப் பாத்தியில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, பொழுது சாயுற வரைக்கும்தான் முறை" என்று அவள் கத்தினாள். "மம்பட்டிய எடுத்து அந்த வாய்க்கால வெட்டி விடுங்க!"

அவர் எழுந்து மம்பட்டியை எடுத்தார்.